அப்பாவின் வேதமும் நாட்டின் சட்டமும்: ஒரு வாசகியின் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்

தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த, சென்னையில் பணிபுரியும் 33 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கமாக இங்கே தருகிறேன். அவருடைய தந்தை தென்னிந்தியத் திருச்சபையில் உபதேசியாராகப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் வாசகி இன்றும் பாடகர் குழுவில் நின்று பாடுகிறார். கொங்குப் பகுதியைச் சேர்ந்த இந்துப் பெண் ஒருவரோடு ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரே வீட்டில் வாழ்கிறார். இருவரும் தங்களைத் தம்பதியராகவே கருதுகிறார்கள். வீடு வாசகியின் பெயரில் இருக்கிறது. வங்கிக் கடனின் மாதத் தவணையில் பாதியைத் துணைவி கட்டுகிறார்.

சென்ற ஆண்டு துணைவிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் வாசகி 'தோழி' என்று எழுத, செவிலியர் அதை அடித்துவிட்டு, "ரத்த சொந்தம் யாராவது வரணும்மா" என்று சொல்லியிருக்கிறார். துணைவியின் அண்ணன் ஊரிலிருந்து வந்து சேரும்வரை அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. அன்று இரவே வாசகி தன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, அதுவரை மறைத்துவைத்திருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தந்தை கோபப்படவில்லை. "வேதம் அனுமதிக்காததை நாடு அனுமதிக்காது. உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தாயார் ஓர் ஜெப வீட்டுக்கு அழைத்துப்போய் 'விடுதலை' பெற்றுத்தர வேண்டும் என்று அழுதுகொண்டிருக்கிறார். துணைவியோ, மதம் இருக்கும்வரை தங்களுக்கு நியாயம் கிடைக்காது, சபையை விட்டுவிடு என்கிறார். அலுவலக நண்பர் ஒருவர், சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும், பதிவே தேவையில்லை என்று யோசனை சொல்லியிருக்கிறார். இன்னொருவர், தன்பாலீர்ப்புள்ள ஆண் ஒருவரைப் பெயருக்கு மணந்துகொண்டு ஊர் வாயை அடைக்கலாம் என்கிறார். இவற்றுள் எது சரி என்பதே வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு வழக்குகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் தந்தையின் மனத்திலும் சபையிலும் நடக்கும் வழக்கு ஒன்று. நாட்டின் சட்டத்தோடு நடக்கும் வழக்கு மற்றொன்று. முதலாவதில் வென்றால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இரண்டாவதில் நீங்கள் தோற்றுவிட்டதால் முதலாவது முடிந்துவிட்டது என்று உங்கள் தந்தை நம்புகிறார். இரண்டுமே தவறான நம்பிக்கைகள். தந்தை மனம் மாறி நாளை உங்களை வாழ்த்தினாலும், உங்கள் துணைவியின் மருத்துவமனைப் படிவத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. அதேபோல, நாடாளுமன்றம் நாளையே ஒரு சட்டம் இயற்றினாலும் உங்கள் தந்தையின் வேத வாசிப்பு மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டு சுப்ரியோ சக்ரவர்த்தி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் தந்தை நினைப்பதுபோல 'வேதமோ சாஸ்திரமோ அனுமதிக்கவில்லை' என்பதற்காக அந்த அமர்வு மறுக்கவில்லை. வழக்கு விசாரணையின் தொடக்கத்திலேயே, மதங்களின் தனிநபர் சட்டங்களுக்குள் போகப்போவதில்லை, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று நீதிபதிகள் தெளிவாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் எந்த மதத்தையும் சாராதது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ள 'ஆண்', 'பெண்' என்ற சொற்களை நீதிமன்றமே திருத்தி எழுத முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டார்கள். தன்பாலின இணையரின் உறவுக்குத் திருமணம் அல்லாத ஓர் சட்ட அங்கீகாரத்தை அரசு தந்தாக வேண்டுமா என்பதில்தான் பிளவு ஏற்பட்டது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் தர வேண்டும் என்றார்கள். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் அதை ஏற்கவில்லை. அதனால் 3-க்கு 2 என்ற கணக்கில் அதுவும் கிடைக்காமல் போனது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல. 1860-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு, மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை 2018 செப்டம்பர் 6 அன்றே செல்லாததாகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. 2023 தீர்ப்பு இதில் எதையும் பின்னுக்கு இழுக்கவில்லை. "கோர்ட்டே உங்களைத் தப்பு என்று சொல்லிவிட்டது" என்று உறவினர் யாரேனும் சொன்னால், அது உண்மையல்ல என்று நீங்கள் தயக்கமின்றிச் சொல்லலாம்.

மதம் ஒரு பக்கம், மதச்சார்பின்மை மறுபக்கமா?

உங்கள் துணைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் போடும் கணக்கோடு மட்டும் நான் உடன்படவில்லை. அந்த வழக்கில் ஜமியத் உலமா-ஏ-ஹிந்த் போன்ற சமய அமைப்புகள் எதிர்த்து வாதிட்டன என்பதும், திருமணம் ஒரு சம்ஸ்காரம், அதாவது புனிதச் சடங்கு என்ற அடிப்படையில் ஆர்.எஸ்.எஸ். தலைவர்கள் மத்திய அரசின் நிலையை ஆதரித்தார்கள் என்பதும் உண்மை. வேறு எதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். ஆனால், இறுதியில் உங்களைத் தடுத்த வாதங்கள் பெரும்பாலும் மதச்சார்பற்றவை. இது சட்டமன்றங்கள் தீர்மானிக்க வேண்டியது, கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட குடும்பத்தை வைத்தே நம் சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, ஒரு சொல்லைத் தொட்டால் வாரிசுரிமை முதல் ஜீவனாம்சம் வரை அத்தனையும் ஆடும் என்பவையே அவை. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகாத ஒருவர்கூட இந்த வாதங்களை முன்வைக்க முடியும். பலர் முன்வைக்கவும் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், சிவில் திருமணம் உங்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அப்படி நினைக்கும் நானும் அந்த வாதங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

சமயங்களும் ஒரே குரலில் பேசவில்லை. வேதத்துக்குப் பொருள் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் திருச்சபை 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்து உருவானது. இங்கே திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே நடப்பதாகவே இன்றுவரை இருக்கிறது. அதே மரபுகளின் பிரிட்டிஷ் சபைகளைப் பாருங்கள்: ஐக்கிய சீர்திருத்தச் சபை 2016-லும், மெதடிஸ்ட் சபை 2021-லும், ஸ்காட்லாந்துச் சபை 2022-லும் தன்பாலினத் திருமணத்தை நடத்திவைக்க விரும்பும் போதகர்களுக்கும் சபைகளுக்கும் அனுமதி கொடுத்தன. இங்கிலாந்துத் திருச்சபை திருமணத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் 2023 டிசம்பர் முதல் அத்தகைய இணையருக்காக ஆராதனையில் ஆசி மன்றாட்டு செய்ய அனுமதித்திருக்கிறது. அதே மாதம் கத்தோலிக்கத் திருச்சபையும், திருமணத்தைப் பற்றிய போதனை மாறவில்லை என்று வலியுறுத்திக்கொண்டே, சடங்குமுறை அல்லாத எளிய ஆசியை வழங்கலாம் என்று அறிவித்தது. இந்த முடிவுகளால் உலக ஆங்கிலிக்கன் சமூகமே பிளந்து நிற்கிறது. ஆப்பிரிக்காவின் பல சபைகள் இவற்றைக் கடுமையாக எதிர்க்கின்றன. ஆதலால், 'கிறிஸ்தவம் இதை ஏற்கிறது' என்று உங்கள் தந்தையிடம் நீங்கள் சொல்ல முடியாது. 'கிறிஸ்தவர் எவரும் ஏற்கமாட்டார்' என்று அவராலும் சொல்ல முடியாது. வேதாகமத்தின் ஆதியாகமத்தையும் ரோமர் நிருபத்தையும் நம்பிக்கையோடு வாசிப்பவர்களுக்கு இடையிலேயே இந்தக் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

உங்கள் தந்தைக்கு உள்ளூர ஓர் அச்சம் இருப்பதாக உங்கள் கடிதத்தின் ஒரு வரி காட்டுகிறது: "நாளைக்கு எங்க சபையிலேயே உங்களுக்கு ஓலை வாசிக்கச் சொல்லுவீங்களா?" என்று அவர் கேட்டிருக்கிறார். (ஓலை வாசிப்பது என்பது, நடக்கப்போகும் திருமணத்தை ஆலயத்தில் முன்கூட்டி அறிவிப்பது.) அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. 2023 வழக்கில் நீதிமன்றம் பரிசீலித்தது, பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் சிவில் திருமணம் மட்டுமே. எந்த ஆலயத்தையும் எந்த ஆயரையும் கட்டாயப்படுத்தும் கோரிக்கை அதில் இல்லை. அரசியல் சாசனத்தின் 25, 26-ஆவது கூறுகள் சமய அமைப்புகளுக்குத் தம் வழிபாட்டு விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகின்றன. இங்கிலாந்து 2013-இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியபோதுகூட, விரும்பாத சபைகளுக்கும் போதகர்களுக்கும் முழுப் பாதுகாப்பை அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தன் ஆலயத்தைப் பறிக்க யாரோ வருகிறார்கள் என்று அஞ்சும் மனிதரால் தன் மகளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

சபையை விட்டுவிட வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டத்திலிருந்தே ஒரு பதில் சொல்லலாம். 1872-ஆம் ஆண்டின் பழைய சிறப்புத் திருமணச் சட்டத்தில், மணமக்கள் 'நான் இந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்ல' என்று எழுதிக்கொடுத்தால்தான் திருமணம் நடக்கும் என்ற நிலை இருந்தது. 1954 சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இந்துவாக, கிறிஸ்தவராக, இஸ்லாமியராக இருந்துகொண்டே ஒருவர் சிவில் திருமணம் செய்துகொள்ளலாம் என்றானது. நம் நாட்டின் மதச்சார்பின்மை, ஒருவரின் நம்பிக்கையை விலையாகக் கேட்பதில்லை. பாடகர் குழுவில் நிற்பது உங்களுக்கு ஆறுதல் தருகிறது என்றால், உங்கள் உரிமைக்காக அதை விட வேண்டிய தேவை எதுவும் இல்லை. அங்கே நிற்பது உங்களைத் தினமும் காயப்படுத்துகிறது என்றால், விலகுவதும் உங்கள் உரிமையே. அதை நீங்கள் மட்டுமே தீர்மானிக்க முடியும். துணைவிக்காகவும் தீர்மானிக்காதீர்கள், தந்தைக்காகவும் தீர்மானிக்காதீர்கள்.

சுயமரியாதைத் திருமணம் என்ற யோசனை

உங்கள் நண்பர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வழி உங்களுக்கு இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, 'இரு இந்துக்களுக்கு' இடையே, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவித்தோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணத்தை ஏற்கிறது. நீங்கள் கிறிஸ்தவர் என்பதாலேயே அந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. இருவரும் இந்துக்களாக இருந்தாலும், மணமகன், மணமகள் என்ற அடிப்படை நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன. தூத்துக்குடிக் கோயிலில் திருநங்கை ஒருவரை மணந்த ஆணின் வழக்கில், 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை நீங்கள் சுட்டியிருக்கிறீர்கள். அது மிகச் சிறந்த தீர்ப்பு. ஆனால் அது ஓர் ஆணுக்கும், தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழும் ஒருவருக்கும் நடந்த திருமணம். திருநர் இப்படி மணந்துகொள்ளலாம் என்பதை 2023 தீர்ப்பும் உறுதிசெய்தது. இரு பெண்களுக்கு அது நீளாது.

இருந்தும், அந்தத் திருமண முறையின் வரலாற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1920-களின் இறுதியிலிருந்து பெரியாரின் இயக்கம் புரோகிதரும் அக்கினியும் இல்லாத திருமணங்களை ஊர் ஊராக நடத்தியது. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று கூறிவிட்டது. சடங்கு நடக்கவில்லை, இதை ஒரு வழக்காறாகக் கொள்ளும் அளவுக்குப் பழமையும் இல்லை என்பதே காரணம். அதாவது, ஊரறிய மணந்து, குழந்தைகள் பெற்று, பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவி அல்லாதவர்களாக நின்றார்கள். அந்த நிலையை மாற்றியது நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம். 1967-இல் அண்ணா அரசு நிறைவேற்றிய திருத்தம், 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லத்தக்கவையாக்கியது. அன்றும் இதைச் சமய நெறிக்கு விரோதம் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். புரோகிதரை வைத்துத் திருமணம் செய்ய விரும்பியவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் எந்த இடையூறும் வரவில்லை. இன்றும் பெரும்பான்மையோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உங்களுக்கும் இதேதான் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அன்று அந்தக் கோரிக்கையின் பின்னால் ஆட்சியைப் பிடித்த ஓர் இயக்கம் இருந்தது. இன்று உங்கள் கோரிக்கையைத் தேர்தல் அறிக்கையின் நடுப்பக்கத்தில் வைக்கக் கட்சிகள் தயங்குகின்றன. நீதிமன்றம் மறுத்த ஒன்றைச் சட்டமன்றம் பின்னர் கொடுத்த முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதற்காக மட்டுமே இதைச் சொன்னேன்.

தாய்லாந்துக்குப் போய்ப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 2025 ஜனவரி 22 முதல் தன்பாலினத் திருமணம் சட்டமாகியிருக்கிறது. அங்கே பெறும் சான்றிதழை இந்தியாவில் வங்கியோ பதிவாளரோ ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. மன நிறைவுக்காகச் செய்தால் செய்யுங்கள். சொத்துக்கும் மருத்துவமனைக்கும் அதை நம்பி இருக்காதீர்கள்.

பெயருக்கு ஒரு திருமணம் வேண்டாம்

இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ஊர் வாயை அடைப்பதற்காகச் சர்ச்சில் நடக்கும் திருமணம், சட்டத்தின் பார்வையில் முழுமையான திருமணம். அந்த மனிதர் உங்கள் சட்டப்பூர்வ வாரிசாகிவிடுவார். விலகுவதற்கு விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றப் படியேற வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய உயில் அவர் திருமணம் செய்துகொண்ட உடனேயே தானாக ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு இந்த விதி இல்லை. உங்கள் துணைவிக்காக இன்று நீங்கள் எவ்வளவு கவனமாக உயில் எழுதிவைத்தாலும், நாளை ஒரு பெயருக்குத் திருமணம் அதை வெறும் தாளாக்கிவிடும். விவரம் அறியாத ஓர் ஆணை உண்மையை மறைத்து மணப்பது அவருக்குச் செய்யும் பெரும் அநீதி என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

வீடும் உயிலும்

உங்கள் இருவருக்கும் இன்று இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதுதான். உங்கள் கடிதத்தில் இதற்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருக்கிறீர்கள். நீங்கள் உயில் இல்லாமல் காலமானால், கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வீடு முழுவதும் உங்கள் தந்தைக்குப் போகும். உங்கள் துணைவி ஆறு ஆண்டுகள் பாதித் தவணை கட்டியிருந்தாலும் அவர் அந்த வீட்டில் வெறும் விருந்தாளி. மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கும் சொத்துக்குப் பினாமிச் சட்டம் தரும் விலக்கு உங்களுக்குக் கிடையாது என்பதால், "நானும் பணம் கொடுத்தேன்" என்று அவர் வழக்குப் போடுவதற்கே அந்தச் சட்டம் தடையாக வரக்கூடும். அதுபோல, உங்கள் துணைவி உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவருடைய தாய் தந்தையருக்குப் போகும்.

ஆதலால் இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்களைப் போன்றவர்களின் உயிலைக் குடும்பத்தார் பின்னர் எதிர்க்க வாய்ப்பு அதிகம் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடும்படி நான் வற்புறுத்துவேன். தந்தைக்கும் ஏதேனும் ஒரு பங்கை எழுதிவைத்து, மீதியைத் துணைவிக்கு ஏன் தருகிறேன் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தால், பெற்றோரை மறந்துவிட்டு யாரோ எழுதவைத்த உயில் என்ற குற்றச்சாட்டு எடுபடாது. துணைவியை வீட்டின் கூட்டு உரிமையாளராகச் சேர்ப்பது இன்னும் உறுதியான வழி. அதற்கு வங்கியின் சம்மதம் வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை கிடைக்காமல் முழுத் தொகையும் கட்ட நேரும். அதுவரை, அவர் செலுத்தும் தொகை வங்கி வழியாகவே உங்கள் கணக்குக்கு வரட்டும். அது எதற்கான பணம் என்று இருவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஒன்றும் இருக்கட்டும்.

நாமினியாகப் போட்டுவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. பொதுவாக நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் என்பதையே உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில், விதிகள் 'குடும்பம்' என்று வரையறுக்கும் உறவுகள் உங்களுக்கு இருக்கும்போது வெளியார் ஒருவரை நாமினியாக்குவதே செல்லாமல் போகலாம். உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். வங்கியில் மட்டும் நிலைமை சற்றுத் தேவலாம்: இணையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கம் தந்திருக்கிறது. கிளையில் யாரேனும் மறுத்தால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் நடந்தது

செவிலியர் சொன்னது வழக்கம், சட்டம் அல்ல. நினைவோடும் தெளிவோடும் இருக்கும் வயதுவந்த நோயாளிக்கு அவருடைய சொந்த ஒப்புதலே போதும், அதுவே தேவையும்கூட. 2008-இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. அன்று உங்கள் துணைவி தானே கையொப்பமிட்டிருந்தால், அண்ணனுக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியம் சட்டப்படி இருக்கவில்லை. நோயாளி நினைவிழக்கும் நிலையில்தான் சிக்கல். பொது அதிகாரப் பத்திரத்தை இதற்கு நம்பாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் அதன் பலமும் போய்விடும். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது குறித்து, 2023-இல் எளிமையாக்கப்பட்ட முறைப்படி, நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி முன் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு எழுதி, யார் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் குறிப்பிடலாம். மனநலச் சிகிச்சைக்கு, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரை வேண்டுமானாலும் நியமனப் பிரதிநிதியாக வைத்துக்கொள்ளலாம். ரத்த உறவு தேவையில்லை.

ஜெப வீடும் உங்கள் பாதுகாப்பும்

உங்கள் தாயார் உங்களுக்காக ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். உங்களை 'மாற்றுவதாக' யாரேனும் சிகிச்சையோ அடைத்துவைத்தலோ செய்தால் அது வேறு கதை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சமூகத்தின் மத, ஒழுக்க நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று மேற்சொன்ன மனநலச் சட்டமே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய மாற்றுச் சிகிச்சைகளைத் தடைசெய்ததோடு, காவல்துறை இணையரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் கட்டளையிட்டது. 2025 மே மாதம், பெற்றோர் தம் வீட்டில் தடுத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணுக்காக அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பெண்ணை விடுவித்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைப்பதற்கான வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த ஒன்றே என்று அந்தத் தீர்ப்பு கூறியது. 2023 தீர்ப்புக்குப் பிறகு வந்தது என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஊருக்குப் போகும்போது அடையாள அட்டைகளின் நகலையும், இத்தனை நாளில் திரும்புவேன் என்ற மின்னஞ்சலையும் துணைவியிடம் விட்டுச்செல்லுங்கள். உங்கள் பெற்றோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். உறவினர்களைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குக் கவலை தருகிறது.

இறுதியாக, உங்கள் தந்தையிடம் பேசுவது பற்றி. "நாடு அனுமதிக்காது" என்று அவர் சொன்னதற்குப் பதிலாகத் தீர்ப்புகளை அடுக்காதீர்கள். திருச்சபை ஏற்க வேண்டும் என்றோ, அவர் தன் நம்பிக்கையை விட வேண்டும் என்றோ இப்போது கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மகள் மருத்துவமனையில் கிடந்தால், தந்தை தென்கோடியிலிருந்து பேருந்தில் வந்து சேரும்வரை, அருகில் இருப்பவர் கையொப்பமிடலாமா, கூடாதா? பாவம், புண்ணியம் பற்றிய தீர்ப்பைச் சொல்லாமலேயே பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. அவர் 'இடலாம்' என்று சொன்னால், அதுவே அவரிடமிருந்து நீங்கள் பெறக்கூடிய முதல் சம்மதம். முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் துணைவியின் பெயரோடு அவருடைய பெயரையும் சேர்த்து எழுதலாம். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடச் சட்டம் இடம் தருகிறது.

தாயார் சென்னைக்கு வருவதாகச் சொல்லியிருக்கும் தேதிக்கு முன்பே உயில்களை முடித்துவிடுங்கள். வீட்டின் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும் என்பதால் அதன் நகல், கடன் கணக்கு அறிக்கை, துணைவி பணம் அனுப்பியதற்கான வங்கிப் பதிவுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்தே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பொருளாதார வசதி இல்லை என்றாலும் கவலை வேண்டாம்: பெண்கள் எவருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தரும்.